கேட்டால் சமைத்துத் தர வேண்டும்: டால்ஸ்டாய் பண்ணையின் ஒற்றை அடுப்பு

உணவு வரலாறு என்ற பெயரில் நாம் எழுதுவனவற்றுள் பெரும்பகுதி, மக்கள் எதை உண்டார்கள் என்பதைப் பற்றியது. எதை உண்ண மறுத்தார்கள் என்பதும் சாதி, சமய ஆய்வுகளின் வழியே ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வினா அதிகம் கேட்கப்படாமல் நிற்கிறது. தாம் உண்ணாத, உண்ண விரும்பாத, நினைத்தாலே முகம் சுளிக்கும் ஓர் உணவை அடுத்திருப்பவர் பொருட்டுச் சமைத்துக் கொடுத்தவர்கள் உண்டா? உண்டெனில், அச்செயலுக்கு அவர்கள் கூறிய நியாயம் என்ன?

வினாவை எழுப்பும்போதே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. வங்காளத்து மேல்சாதிக் குடும்பங்களில் விதவைகளுக்கு மீனும் வெங்காயமும் பூண்டும் விலக்கப்பட்டிருந்தன. அத்தகைய வீட்டில் ஒரு விதவை, தான் தொடக்கூடாத மீனைப் பிறர்க்குச் சமைத்திருந்தால் அதை நாம் அன்பின் செயல் என்று சொல்ல இயலாது. அவருக்கு மறுக்கும் உரிமை இருக்கவில்லை. மறுக்க இயன்றவர் மறுக்காமல் அடுப்பு மூட்டும்போதுதான் அது ஈகையாகிறது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, நன்கு ஆவணப்பட்ட ஒரு சமையற்கூடத்தைப் பார்ப்போம். அது இந்திய மண்ணில் இருந்ததன்று. ஆயினும் பிற்கால இந்தியாவின் பல பொதுச் சமையற்கூடங்களுக்கு அது ஒரு முன்வடிவம்.

1910 மே 30 அன்று, ஜெர்மானிய யூதக் கட்டடக் கலைஞரான ஹெர்மன் காலன்பாக், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் லாலி என்னும் ரயில் நிலையத்தை அடுத்திருந்த தம் 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றிச் சத்தியாக்கிரகிகளின் பயன்பாட்டுக்கு அளித்தார். அதுவரை, டிரான்ஸ்வாலில் சிறை சென்றவர்களின் குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணமாக உதவி வழங்கப்பட்டு வந்தது. போராட்டம் நீண்டது, நிதி கரைந்தது. எல்லாக் குடும்பங்களையும் ஓரிடத்தில் வைத்து, உழைத்து உண்ணச் செய்வதே வழியென்று காந்தி முடிவு செய்தார். டால்ஸ்டாய் பண்ணை அவ்வாறு பிறந்தது. குஜராத்திகள், தமிழர், தெலுங்கர், வட இந்தியர் எனப் பலரும் வந்தனர். இந்துக்கள், இசுலாமியர், கிறித்தவர், பார்சிகள் அவர்களுள் இருந்தனர். காந்தி தரும் கணக்கின்படி இளைஞர் ஏறத்தாழ 40 பேர், முதியவர் இரண்டு மூவர், பெண்கள் ஐவர், குழந்தைகள் 20 முதல் 30 வரை.

இத்தனை பேருக்கும் உலை ஏற்றவேண்டும் என்ற நிலையில் எழுந்த முதற்சிக்கல் புலால் உணவு. வந்தவருட் பலர் பிள்ளைப் பருவம் முதல் இறைச்சி உண்டு வளர்ந்தவர்கள். மாட்டிறைச்சி உண்போரும் அவர்களுள் இருந்தனர். காந்தியும் காலன்பாக்கும் பண்ணையில் இறைச்சி கூடாது என்றே விரும்பினர்.

காந்தியின் வெறுப்பு வெறும் கொள்கையளவில் நின்றதன்று. சிறுவயதில் நண்பர் ஒருவரின் தூண்டுதலால் ஆட்டிறைச்சியைச் சுவைத்த அன்று இரவு, உயிருள்ள ஆடு தம் வயிற்றுக்குள் கத்துவதுபோல் உணர்ந்து உறக்கம் இழந்ததாக அவர் பின்னாளில் எழுதினார். 1888இல் இலண்டன் புறப்படுமுன் தாயிடம் செய்துகொடுத்த உறுதிமொழியும் அவரைப் பிணித்திருந்தது. 1902இல் பம்பாயில், பத்து வயது மணிலால் நச்சுக்காய்ச்சலில் படுத்தபோது, முட்டையும் கோழிச்சாறும் தரவேண்டும் என்று பார்சி மருத்துவர் கூறினார். காந்தி மறுத்துவிட்டு, நீர்ச் சிகிச்சையின் துணையில் மகனை வைத்துக் காத்தார். தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபா அறுவைச் சிகிச்சைக்குப் பின் மிக நலிந்து கிடந்தபோது, மாட்டிறைச்சிச் சாறு தேவை என்ற டர்பன் மருத்துவரிடமிருந்து அவரை வெளியே கொண்டுவந்தார். கஸ்தூரிபாவும் அச்சாற்றை உறுதியாக மறுத்தார். பெற்ற மகனும் கட்டிய மனைவியும் சாவின் விளிம்பில் இருந்தபோதும் தளராத விதி அது.

அத்தகையவர் தம் பொறுப்பில் இயங்கும் பண்ணையில் என்ன முடிவெடுத்தார்? ‘தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகம்’ நூலில் அவர் தம் சிந்தனையின் படிகளை ஒவ்வொன்றாக எழுதிக் காட்டுகிறார். இடுக்கண் காலத்தில் தம்மை நாடி வருவோரிடம், வழக்கமான உணவைத் தற்காலிகமாகவேனும் விட்டுவிடுங்கள் என்று எப்படிக் கேட்பது? இறைச்சி சமைத்தால் செலவு கூடாதா? மாட்டிறைச்சி உண்போருக்கு அதையும் தருவதா? அப்படியானால் எத்தனை அடுப்புகள் வேண்டும்? இவ்வாறு கேட்டுக்கொண்டே சென்றவர், ஓரிடத்தில் தம் நிலையையே திருப்பிப் பார்க்கிறார். இக்குடும்பங்களுக்கு இதுவரை பணம் கொடுத்து வந்தவர் அவர். அப்பணத்தில் அவர்கள் இறைச்சியும் மாட்டிறைச்சியும் வாங்கி உண்டிருப்பர். ஆகவே அவ்வுணவுக்கு அவர் ஏற்கெனவே துணைநின்றுவிட்டார். புலால் உண்போருக்கு உதவியில்லை என்று விதிப்பதானால், போராட்டத்தைச் சைவ உணவினரைக் கொண்டே நடத்தவேண்டியிருக்கும். எல்லா இந்தியர்க்குமான போராட்டத்தில் அது பொருந்தாது. இறுதியில் வந்த முடிவு: கிறித்தவரோ இசுலாமியரோ மாட்டிறைச்சியே கேட்டாலும் அதையும் தந்தாக வேண்டும், அவர்களை உள்ளே சேர்க்க மறுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இம்முடிவை அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1909 நவம்பரில், கப்பலில் அமர்ந்து அவர் எழுதிய ‘இந்திய சுயராஜ்ய’த்தோடு சேர்த்துப் படிக்கவேண்டும். பசுவைக் காக்க இசுலாமியர் ஒருவரைக் கொல்வதோ அவரோடு சண்டையிடுவதோ தகாது, அவரிடம் வேண்டிக்கொள்ளலாம், அவர் இசையாவிட்டால் விட்டுவிடவேண்டும் என்பது அந்நூலில் அவர் கொண்ட நிலை. அது எழுத்தளவில் எளிது. பண்ணையில் அதே நிலை ஒரு படி மேலே செல்கிறது. விட்டுவிடுவதோடு கடமை முடியவில்லை. தம் பொறுப்பிலுள்ள அடுப்பில், தம் நிதியில், அதைச் சமைத்துத் தரும் கடமையும் சேர்ந்துகொள்கிறது. தம் வீட்டாரின் உயிருக்காகத் தளர்த்தாத விதியை, அயலாரின் வழக்கத்துக்காகத் தளர்த்த அவர் ஆயத்தமானார். மேலோட்டமாக இது முரணாகத் தெரியும். காந்தியின் கணக்கில் இது முரணன்று. நோன்பு நோற்பவருக்கே உரியது. அதன் சுமையை விருந்தாக வந்தவர் தலையில் ஏற்றும் உரிமை நோற்பவருக்கு இல்லை.

இத்துடன் நிறுத்தினால் இது காந்தியின் பெருந்தன்மையைப் பற்றிய மற்றுமொரு கதையாகிவிடும். நடந்தது என்ன என்று பார்க்கவேண்டும். பண்ணையில் மாட்டிறைச்சி சமைக்கப்படவில்லை. எந்த இறைச்சியும் சமைக்கப்படவில்லை. இசுலாமிய நண்பர்கள் சைவச் சமையலுக்கு முன்னரே இசைவு தந்திருந்தனர். கணவரோ மகனோ சிறையில் இருக்க, தனியே வந்திருந்த கிறித்தவப் பெண்களிடம் காந்தி சென்று, இடநெருக்கடியையும் செலவையும் தம் மன உணர்வையும் எடுத்துரைத்தார். கேட்டால் மாட்டிறைச்சியும் தரப்படும் என்ற உறுதியையும் அளித்தார். அவர்கள் இறைச்சி வேண்டாம் என்று இசைந்தனர். சமையற்பொறுப்பும் அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. காலை ஆறு மணிக்கு ரொட்டியும் கோதுமைக் காப்பியும். பதினொரு மணிக்குச் சோறும் பருப்பும் காய்கறியும். மாலை ஐந்தரைக்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும், அல்லது ரொட்டியும் காப்பியும். ஒரே அடுப்பு, ஒரே பந்தி.

அப்படியானால், தம் சுவைக்கு ஒவ்வாத உணவை அடுத்தவர் பொருட்டு நாள்தோறும் சமைத்தவர் யார்? சமைக்க ஆயத்தமாயிருந்தவர் காந்தி. சமைத்தவர்கள் அப்பெண்கள். ஈகையின் எண்ணம் ஒரு பக்கமும், ஈகையின் உழைப்பு மறுபக்கமும் பதிவாகியுள்ளன. எண்ணத்துக்குரியவரின் பெயர் நமக்குத் தெரியும். உழைப்புக்குரியவர்கள் ‘கிறித்தவச் சகோதரிகள்’ என்ற பொதுப்பெயராகவே நம்மிடம் வந்து சேர்கின்றனர். 1913இல் இப்பண்ணையில் வாழ்ந்திருந்த பெண்கள் பதினொருவர் எல்லை கடந்து நியூகாசில் சென்று, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தபோதுதான் பெயர்ப்பட்டியல் ஒன்று கிடைக்கிறது. அதில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் தமிழர். அப்பட்டியலிலும் பெரும்பாலோர் ‘திருமதி’ என்ற அடைக்குப்பின் கணவர் பெயராலேயே குறிக்கப்பட்டுள்ளனர். வரலாற்றை அசைத்த ஒரு வேலைநிறுத்தத்தைத் தூண்டியவர்களுக்கே இந்நிலை எனில், சோறு வடித்த கைகளுக்குப் பெயர் கிட்டாததில் வியப்பில்லை.

இரம்ஜான் மாதத்தைப் பற்றிய பகுதி இன்னும் கூர்ந்து படிக்கத்தக்கது. பண்ணையில் இருந்த இசுலாமிய இளைஞர் நோன்பிருக்கக் காந்தி ஊக்கமளித்தார். மற்றவர்களும் அவர்களோடு பகலில் உணவை விலக்கினர். இந்துக்களும் பிறரும் கதிரவன் மறைவதற்கு முன்னரே தம் உணவை முடித்துக்கொண்டனர். நோன்பு துறக்கும் நண்பர்களுக்குச் சிறப்புப் பண்டங்கள் செய்யவும், அருகிருந்து பரிமாறவும் அது வசதியாயிற்று. நாம் தேடிய செயலுக்கு மிக அருகில் வரும் காட்சி இது. தாம் உண்டு முடித்தபின், தமக்கில்லாத ஓர் உணவுக்காக, தமக்கில்லாத ஒரு நோன்பின் பொருட்டு அடுப்பருகே நிற்பது.

ஆனால் அப்பண்டங்களும் புலால் நீங்கியவையே. இங்கே காந்தி ஒரு வாக்கியத்தை எழுதிச் செல்கிறார். நோன்பு மாதத்தில் அவ்விளைஞர்களுக்கு இறைச்சி இல்லாத குறை இருந்திருக்கத்தான் வேண்டும் என்றும், அவர்களுள் ஒருவரும் அதைத் தமக்குத் தெரியவிடவில்லை என்றும் அதன் கருத்து. தம் ஏற்பாட்டின் விலையை யார் கொடுத்தார் என்பதை எழுதியவரே அறிந்திருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. விருந்தோம்புவோர் மனம் நோகக்கூடாது என்று விருந்தினர் காத்த மௌனம் அது. பரிமாறியவர்களின் அன்பும் உண்மை. உண்டவர்களின் அடக்கமும் உண்மை. ஒன்றை மட்டும் எழுதி மற்றதை விடுவது வரலாறாகாது.

பண்ணையில் நிகழ்ந்தது தனி நிகழ்ச்சியாக நின்றிருந்தால் நாம் இவ்வளவு கவலைகொள்ள வேண்டியதில்லை. 1917இல் சம்பாரணில் அதுவே மீண்டும் நிகழ்கிறது. பிரஜ்கிஷோர் பிரசாத், இராஜேந்திர பிரசாத் முதலிய பீகார் வழக்கறிஞர்கள் காந்தியோடு பணியாற்ற வந்தபோது, ஒவ்வொருவருக்கும் தனிச் சமையற்காரரும் தனி அடுப்பும் இருந்தன. நள்ளிரவு வரை இரவுணவு நீண்டது. காந்தி அவர்களிடம் பேசிப் பொதுச் சமையலுக்கு இணங்கவைத்தார். எல்லோரும் சைவ உணவினர் அல்லர்; ஆயினும் இரண்டு அடுப்புகளுக்குச் செலவு கூடும் என்பதால் ஒரே சைவ அடுப்பு என்று முடிவாயிற்று. பிற சாதியார் சமைத்ததை உண்ணாத வழக்கமும் அங்கே கைவிடப்பட்டது. அது பெரிய ஆதாயம். ஆனால் பண்ணையில் இருந்த ஒரு படி சம்பாரண் பற்றிய பதிவில் காணப்படவில்லை. கேட்டால் இறைச்சியும் தரப்படும் என்ற உறுதி அங்கே பேசப்படவில்லை. செலவும் வசதியும் மட்டுமே காரணங்கள். முடிவு ஒன்றே, அதற்கு இட்டுச்சென்ற வழி சுருங்கிவிட்டது.

எதிர்த்திசையில் நடந்தவற்றையும் பார்க்கவேண்டும். கிலாபத் இயக்கக் காலத்தில் காந்தி இலக்னோவின் ஃபரங்கி மகாலில் மௌலானா அப்துல் பாரியின் விருந்தினராகத் தங்கினார். மௌலானா அவருக்கென வெளியிலிருந்து பிராமணச் சமையற்காரரை வரவழைத்தார். தம் வீட்டுச் சமையலே தம் விருந்தினருக்கு ஆகாது என்ற எண்ணத்தை ஒருவர் இழிவாகக் கொண்டிருக்கலாம். அப்துல் பாரி அவ்வாறு கொள்ளவில்லை. 1919 இறுதியில் அமிர்தசரசில் கூடிய முஸ்லிம் லீக் மாநாட்டின் தலைமையுரையில் ஹகீம் அஜ்மல் கான், இந்துக்களின் உணர்வை மதித்துப் பசுவதையைத் தவிர்க்குமாறு இசுலாமியரைக் கேட்டுக்கொண்டார். 1924இல் கோகாட் கலவரத்துக்குப் பின் காந்தி 21 நாள் உண்ணாநோன்பைத் தொடங்கியது தில்லியில் மௌலானா முகம்மது அலியின் வீட்டில். நோன்பு நிறைவடைந்தபோது, கசாப்புக்காரரிடமிருந்து விலைக்கு வாங்கிய பசுவொன்றை முகம்மது அலி காந்திக்கு அளித்தார்.

இவையெல்லாம் அயலாரின் உணவு உணர்வுக்காகத் தம் வழக்கத்தைத் தாழ்த்திக்கொண்ட செயல்கள். இவற்றை ஒரு வரிசையில் வைத்துப் பார்த்தால், விட்டுக்கொடுத்தல் ஏறத்தாழ ஒரே திசையில் பாய்ந்திருப்பது புலப்படும். உண்பவர் உண்ணாதவருக்காக விட்டுக்கொடுத்தார். உண்ணாதவர் உண்பவருக்காகச் சமைத்தார் என்பது, எண்ணத்தளவில் டால்ஸ்டாய் பண்ணையில் மட்டுமே அழுத்தமாகப் பதிவாகிறது.

இங்கே ஒரு சான்று விமர்சனமும் தேவை. ‘தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகம்’ நிகழ்ச்சிகள் நடந்து பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் நினைவிலிருந்து குஜராத்தியில் எழுதப்பட்டது. 1923 இறுதியில் ஏரவாடா சிறையில் தொடங்கியவர், எஞ்சியதை விடுதலைக்குப்பின் முடித்தார். வால்ஜி தேசாயின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1928இல் சென்னையில் எஸ். கணேசன் வெளியீடாக வந்தது. எழுதிய காலம் கிலாபத் ஒற்றுமை சிதறி, ஊர் ஊராகக் கலவரம் மூண்ட காலம். ஆகவே பண்ணையின் அடுப்பைப் பற்றிய அத்தியாயம் 1910இன் பதிவாக மட்டும் நிற்கவில்லை. 1924இன் இந்தியாவுக்குச் சொல்லப்பட்ட செய்தியாகவும் நிற்கிறது. பசுவின் பெயரால் மண்டை உடைத்துக்கொண்டிருந்த வாசகர்களிடம், மாட்டிறைச்சியையும் தரக் கடமைப்பட்டேன் என்று ஒருவர் அச்சில் அறிவிப்பது எளிய செயலன்று. அவர் விரும்பியிருந்தால் அப்படியை விட்டுவிட்டு, எல்லோரும் மனமுவந்து சைவம் ஆயினர் என்று மட்டும் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

இதில் எனக்கு முதன்மையாகப் படுவது வரிசைமுறை. முதலில் தருவதற்கு ஆயத்தம், அதை வாயால் அளிக்கும் உறுதி, அதன்பின்னரே வேண்டுகோள். உறுதி முன்னே வந்தமையால்தான் வேண்டுகோளுக்கு இசைந்தவர்களின் இசைவுக்குப் பொருள் கிடைத்தது. பசியோடும் கணவரின் சிறைவாசத்தோடும் வந்து நிற்பவரிடம் கேட்கும் வேண்டுகோள் எப்போதுமே அரைக் கட்டளைதான் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், அவ்வுறுதியின்றிக் கேட்டிருந்தால் அது முழுக் கட்டளையாகவே இருந்திருக்கும்.

பின்வந்த பொதுச் சமையற்கூடங்கள் பல முடிவை மட்டும் எடுத்துக்கொண்டன, வரிசையை மறந்தன. எல்லோர்க்கும் பொதுவானது என்றால் புலால் நீங்கியது என்று பொருள்கொள்வது, விடுதிகளிலும் நிறுவனங்களிலும் விளக்கம் தேவைப்படாத வழக்கமாகிவிட்டது. வாடகை வீடுகளின் நிலையும் வேறன்று. 2007இல் தில்லிக் காவல்துறை வடகிழக்கு மாநிலத்தவருக்காக வெளியிட்ட கையேடு ஒன்று, மூங்கில் குருத்தும் அகுனியும் போன்ற மணம் மிக்க உணவுகளை அக்கம்பக்கத்தில் சலசலப்பு எழாதவாறு சமைக்கும்படி அறிவுறுத்தியது. அகுனி என்பது நாகாலாந்தின் புளித்த சோயா அவரை. மானிடவியலாளர் டாலி கிகோன் அதைப் பற்றி ஆழமாக எழுதியுள்ளார். அக்கையேட்டில் அண்டை வீட்டாருக்கு அறிவுரை ஏதும் இல்லை. மணத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றோ, புதிதாக வந்தவருக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள் என்றோ யாரும் யாருக்கும் கையேடு அச்சிடவில்லை. விட்டுக்கொடுத்தல் பாய்ந்த திசை, நூறாண்டுக்குப் பின்னும் அதுவே.

ஆய்வு மாணவர்கள் இனி ஒரு சமையற்கூடத்தின் ஆவணத்தை, அது ஆசிரமமாயினும் பஞ்ச நிவாரணக் கஞ்சித்தொட்டியாயினும் கல்லூரி விடுதியாயினும், கையில் எடுக்கும்போது மூன்று வினாக்களைக் கேட்கலாம். உணவுப் பட்டியலை வகுத்தவர் யார்? அடுப்பருகே நின்றவர் யார்? மறுக்கும் உரிமை யாரிடம் இருந்தது? மூன்றுக்கும் ஒரே விடை வந்தால் அது ஒரு குடும்பத்தின் அல்லது குழுவின் சமையல். அதில் நாம் தேடும் செய்தி குறைவு. விடைகள் வேறுபடும் இடத்தில்தான் அயலார் என்பவர் வரலாற்றுக்குள் நுழைகிறார். நோன்பு துறந்த மாலையில் எதையும் கேளாமல் உண்டு எழுந்த அந்த இளைஞர்களைப் பற்றி நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாக்கியம்தான். அதையும் எழுதிவைத்தவர் சமையலை வகுத்தவரே. அவர்கள் தரப்பிலிருந்து, அவர்கள் சொல்லில், அப்பந்தியை எழுதக்கூடிய சான்றுகளைத் தென்னாப்பிரிக்க இந்தியர் குடும்பக் கடிதங்களிலும் வாய்மொழி மரபிலும் யாரேனும் தேடத் தொடங்கினால், அது பயனுள்ள ஆய்வாக அமையும்.